டெபியன் 12: ஸ்பீக்கரும் போச்சு, ‘டம்மி அவுட்புட்’ மட்டும் காட்டுது

மைக்_எங்கே

எல்லாருக்கும் வணக்கம். 11ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 லேப்டாப். டெபியன் லினக்ஸ் 11 இருந்ததை 12க்கு அப்கிரேட் செய்தேன். க்னோம் டெஸ்க்டாப், கர்னல் 6.1. இன்னொரு பார்ட்டிஷனில் விண்டோஸ் இருக்கு, அதில் ஸ்பீக்கர், மைக் இரண்டும் நல்லா வேலை செய்யுது. அதனால் ஹார்டுவேர் கோளாறு இல்லை.

டெபியன் 11இல் ஸ்பீக்கர் பாடும், லேப்டாப்பின் உள் மைக் மட்டும் வராது. அப்போது ஒரு குறிப்பைப் பார்த்து /ஈடிசி/மோட்புரோப்.டி அடைவில் ஒரு கோப்பு போட்டிருந்தேன். அதில் இந்த ஒரே வரி:

ஆப்ஷன்ஸ் எஸ்என்டி-இன்டெல்-டிஎஸ்பிசிஎஃப்ஜி டிஎஸ்பி_டிரைவர்=1

12இல் மைக் வருமா என்று பார்க்க அந்தக் கோப்பை அழித்துவிட்டு ரீபூட் செய்தேன். மைக் வரவில்லை, இருந்த ஸ்பீக்கரும் போனது. செட்டிங்ஸில் ‘டம்மி அவுட்புட்’ என்று ஒன்றுதான் இருக்கு. ‘ஏபிளே -எல்’ கொடுத்தால் ‘நோ சவுண்ட்கார்ட்ஸ் ஃபவுண்ட்’ என்கிறது. புளூடூத் ஹெட்செட் மட்டும் வழக்கம்போல் வேலை செய்யுது.

இதுவரை செய்தவை: பைப்வயரை (ஒலி சர்வர்) நீக்கி மறுபடி நிறுவினேன். என் பயனரை ஆடியோ குரூப்பில் சேர்த்தேன். ரீஸ்டார்ட் எத்தனை முறை என்று கணக்கில்லை. வேறென்ன பார்க்கணும்?

---

பல்ஸ்_பக்தன்

பைப்வயரை அடியோடு தூக்கிட்டு பழைய பல்ஸ்ஆடியோவைப் போடுங்க. இல்லைன்னா அழிச்ச கோப்பைத் திரும்ப வைங்க, ஸ்பீக்கராவது வரும். மைக்குக்கு ஒரு யூஎஸ்பி ஹெட்செட் வாங்கிடுங்க, தலைவலி விட்டுச்சு.

---

கர்னல்காரன்

பல்ஸுக்கு மாறுவதால் எதுவும் மாறாது. காரணம் கேள்வியிலேயே இருக்கு: புளூடூத் ஒலிக்குது. அதாவது பைப்வயரும் அதை நிர்வகிக்கும் வயர்பிளம்பரும் உயிரோடுதான் இருக்கின்றன. ‘டம்மி அவுட்புட்’ என்பது பிழைச் செய்தியே அல்ல. கீழே ஒரு கார்டும் கிடைக்காதபோது, நிரல்கள் தடுமாறாமல் இருக்க ஒலி சர்வர் தானே உண்டாக்கிக்கொள்ளும் போலி வெளியீடு அது. ‘ஏபிளே -எல்’ பைப்வயரைக் கேட்பதில்லை, நேரே கர்னலின் ஒலி அடுக்கான அல்சாவைக் கேட்கும். அதுவும் கார்டு இல்லை என்றால் கோளாறு கர்னல் மட்டத்தில். மேலே எந்த சர்வரை வைத்தாலும் அது கையை விரிக்கத்தான் செய்யும்.

முதலில் இதைக் கொடுங்கள்:

எல்எஸ்பிசிஐ -என்என்கே

அதில் 00:1எஃப்.3 என்று தொடங்கும் வரிதான் உங்கள் ஒலிச் சில்லு. டைகர் லேக் (11ஆம் தலைமுறை இன்டெல்) லேப்டாப் என்றால் அடையாள எண் பெரும்பாலும் 8086:ஏ0சி8 என்று இருக்கும். அதற்குக் கீழே ‘கர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி வருகிறதா, வந்தால் அதில் என்ன பெயர் என்று பாருங்கள்.

அடுத்து:

சூடோ டிமெசேஜ் | கிரெப் -ஐ -ஈ எஸ்ஓஎஃப் -ஈ எச்டிஏ

டெபியனில் சூடோ (நிர்வாகி உரிமை) இல்லாமல் டிமெசேஜ் (கர்னலின் பதிவேடு) திறக்காது, மறக்க வேண்டாம். வரும் வரிகளில் ‘டிஜிட்டல் மைக்ஸ் ஃபவுண்ட் ஆன் ஸ்கைலேக்+ பிளாட்ஃபார்ம், யூசிங் எஸ்ஓஎஃப் டிரைவர்’ என்று ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். அதன்பின் ‘ஃபெயில்ட்’ என்ற சொல் வரும் எல்லா வரிகளையும் இங்கே ஒட்டுங்கள்.

அந்த =1 என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் திரும்பவும் அதையே போடத் தோன்றும். உங்கள் லேப்டாப்பில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஸ்பீக்கரும் ஹெட்போன் ஜாக்கும் ரியல்டெக் கோடெக்கில் (டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் சில்லு) தொங்குகின்றன. திரையின் மேல்விளிம்பில் இருக்கும் டிஜிட்டல் மைக்குகள் அந்த கோடெக்குக்குப் போவதே இல்லை, இன்டெல் சில்லுக்குள் இருக்கும் டிஎஸ்பிக்கு (ஒலிக்கான தனிச் செயலி) நேராகப் போகின்றன. பயாஸ் தரும் என்எச்எல்டி என்ற அட்டவணையில் இந்த மைக்குகளின் விவரம் இருக்கும். கர்னல் அதைப் படித்து, மைக் இருப்பதைக் கண்டால் பழைய எச்டிஏ டிரைவரை ஒதுக்கிவிட்டு, டிஎஸ்பியை இயக்கும் எஸ்ஓஎஃப் டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

டிஎஸ்பி_டிரைவர்=1 என்றால் ‘எதையும் பார்க்காதே, பழைய எச்டிஏவையே பிடி’ என்று கட்டாயப்படுத்துவது. கோடெக் கிடைக்கும், ஸ்பீக்கர் பாடும். டிஎஸ்பி பக்கம் யாரும் போகாததால் மைக் கிடைக்கவே கிடைக்காது. 0 என்றால் கர்னல் தானே முடிவு செய்யும், 3 என்றால் எஸ்ஓஎஃப்தான் வேண்டும் என்று கட்டாயம். ஆக, மைக் வராததற்குக் காரணம் நீங்கள் போட்ட அந்தக் கோப்புதான். அதை அழித்தது சரி. எஸ்ஓஎஃப் எழுந்து நிற்க இன்னொன்று தேவை, அது உங்களிடம் இல்லை என்று சந்தேகிக்கிறேன். டிமெசேஜைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஆடியோ குரூப்பிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். ‘சூடோ ஜிபாஸ்வேர்ட் -டி உங்கள்பயனர் ஆடியோ’ கொடுத்து, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். திரை முன் உட்கார்ந்திருப்பவருக்கு /டெவ்/எஸ்என்டி மீதான உரிமையை சிஸ்டம்டியின் லாகின்டி தானே கொடுக்கும். குரூப்பில் நிரந்தரமாக இருந்தால், வேறொரு பயனருக்கு மாறிய பிறகும் உங்கள் பைப்வயர் கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் அவர் ‘எனக்குச் சத்தம் இல்லை’ என்று தனி இழை தொடங்குவார்.

---

மைக்_எங்கே

நன்றி அண்ணா. எண் அதேதான், 8086:ஏ0சி8. டிரைவர் பெயர் ‘எஸ்ஓஎஃப்-ஆடியோ-பிசிஐ-இன்டெல்-டிஜிஎல்’. நீங்கள் சொன்ன ‘டிஜிட்டல் மைக்ஸ் ஃபவுண்ட்’ வரியும் இருக்கு. சிவப்பில் வந்தவை:

ஃபர்ம்வேர்: ஃபெயில்ட் டு லோட் இன்டெல்/எஸ்ஓஎஃப்/எஸ்ஓஎஃப்-டிஜிஎல்.ஆர்ஐ (-2)
எரர்: எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் ஃபைல் ஈஸ் மிஸ்ஸிங்
எரர்: ஃபெயில்ட் டு லோட் டிஎஸ்பி ஃபர்ம்வேர் -2

---

கர்னல்காரன்

சந்தேகம் சரிதான். மைனஸ் 2 என்றால் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’. டிஎஸ்பி ஒரு தனிக் குட்டிச் செயலி. அதற்குள் ஏற்ற வேண்டிய நிரல்தான் அந்த .ஆர்ஐ கோப்பு. அது இல்லாமல் டிரைவர் பாதியில் கைவிடும், கார்டு பதிவாகாது. பழைய எச்டிஏவுக்கு இந்த ஃபர்ம்வேர் தேவையில்லை, அதனால்தான் =1 இருந்தவரை இந்தக் குறை வெளியே தெரியவில்லை.

இந்த ஃபர்ம்வேர் பொதி இல்லாததன் காரணம், பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் /ஈடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் இருக்கும். திறந்து பாருங்கள். ‘புக்வார்ம் மெயின்’ (புக்வார்ம் என்பது டெபியன் 12இன் பெயர்) என்று மட்டும் இருக்கும், அல்லது ‘மெயின் கான்ட்ரிப் நான்-ஃப்ரீ’ என்று இருக்கும். இரண்டாவது இருந்தாலும் போதாது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் ஃபர்ம்வேர் பொதிகளை நான்-ஃப்ரீயிலிருந்து பிரித்து ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பகுதியில் வைத்துவிட்டார்கள். 11இலிருந்து ஏறி வருபவர்கள் பட்டியலில் ‘புல்ஸ்ஐ’ என்பதை ‘புக்வார்ம்’ என்று மாற்றுவார்கள், இந்தப் புதுச் சொல்லைச் சேர்க்க விட்டுவிடுவார்கள். ஒலிக்கு மட்டுமல்ல, வைஃபை ஃபர்ம்வேரும் அதன்பின் புதுப்பிக்கப்படாமல் பழையதிலேயே நிற்கும்.

முதன்மை வரி, செக்யூரிட்டி வரி, அப்டேட்ஸ் வரி, மூன்றின் கடைசியிலும் ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ சேர்த்துச் சேமியுங்கள். நடுவில் இடைவெளி இருக்கக்கூடாது, ஹைபன்தான். பிறகு:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபர்ம்வேர்-எஸ்ஓஎஃப்-சைன்ட் அல்சா-யூசிஎம்-கான்ஃப்

இரண்டாவது பொதி ஏற்கெனவே இருக்கலாம், ‘ரெக்கமெண்ட்ஸ்’ இல்லாமல் நிறுவியிருந்தால் இருக்காது. எஸ்ஓஎஃப் கார்டில் எது ஸ்பீக்கர், எது ஹெட்போன், எது மைக் என்று ஒலி சர்வருக்குச் சொல்லும் விவரக் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. அது இல்லாவிட்டால் கார்டு தெரியும், ஆனால் ‘புரோ ஆடியோ’ என்ற ஒற்றை புரொஃபைல்தான் ஒழுங்காகத் தெரியும். ஜாக்கில் செருகினாலும் தானாக மாறாது.

நிறுவியதும் /லிப்/ஃபர்ம்வேர்/இன்டெல் அடைவுக்குள் எஸ்ஓஎஃப், எஸ்ஓஎஃப்-டிபிஎல்ஜி என்று இரண்டு இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவதில் ஃபர்ம்வேர், இரண்டாவதில் டோபாலஜி, அதாவது டிஎஸ்பிக்குள் ஒலி எந்த வழியாகப் போக வேண்டும் என்ற வரைபடம். யாராவது கையால் ஒரே ஒரு .ஆர்ஐ கோப்பை மட்டும் இறக்கிப் போட்டால், அடுத்து டோபாலஜி இல்லை என்று அதே மைனஸ் 2 வரும். பொதியாக நிறுவினால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் பதிப்பில் வந்துவிடும்.

ரீஸ்டார்ட் வேண்டாம், முழுவதும் பவர் ஆஃப் செய்து மறுபடி போடுங்கள். மாட்யூலைக் கழற்றி மாட்டுகிறேன் என்று இறங்கவும் வேண்டாம், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ‘இன் யூஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். விண்டோஸும் இருப்பதால் அதில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணைத்து வையுங்கள். அது இருந்தால் விண்டோஸின் ஷட் டவுன் உண்மையான ஷட் டவுன் அல்ல, பாதித் தூக்கம். அந்த நிலையில் விட்டுப்போன சில்லை லினக்ஸ் எடுக்கும்போது, ஒருநாள் சத்தம் வரும், ஒருநாள் வராது.

எழுந்ததும் ‘ஏபிளே -எல்’. கார்டு 0, பெயர் ‘எஸ்ஓஎஃப்எச்டிஏடிஎஸ்பி’. டிவைஸ் 0 அனலாக், 3, 4, 5 எச்டிஎம்ஐ. ‘ஏரெக்கார்ட் -எல்’ கொடுத்தால் டிவைஸ் 6இல் ‘டிமிக்’ வர வேண்டும். இவ்வளவு நாளாகத் தேடிய மைக் அதுதான்.

---

மைக்_எங்கே

கார்டு வந்துவிட்டது! 0, 3, 4, 5 எல்லாம் அப்படியே. டிவைஸ் 6உம் இருக்கு. பட்டியலில் ‘மெயின்’ மட்டும்தான் இருந்தது.

ஆனால் மூணு தொல்லை:

ஃபயர்ஃபாக்ஸில் முதலில் சத்தமே இல்லை, செட்டிங்ஸில் எச்டிஎம்ஐயிலிருந்து ஸ்பீக்கருக்கு மாற்றியதும் வந்தது. ஆனால் டெர்மினலில் ‘ஏபிளே’ வைத்து ஒரு .வேவ் கோப்பை ஓட்டினால் ‘கெனாட் ஃபைண்ட் கார்டு பிசிஎச்’ என்று திட்டுகிறது.

மைக் பதிவாகிறது, ஆனால் வெறும் அமைதி.

எந்தச் சத்தமும் முதல் அரை விநாடி விழுங்கப்பட்டுத்தான் வருது. ‘டிங்’ என்ற நோட்டிஃபிகேஷன் ‘ங்’ என்று கேட்குது.

---

டெபியன்_தோசை

இனி கர்னலைத் தொட வேண்டாம், அது தன் வேலையை முடிச்சாச்சு. பாக்கி எல்லாம் பழைய கார்டு விட்டுப்போன குப்பை.

பிசிஎச்: பழைய டிரைவரில் உங்க கார்டோட பெயர் ‘பிசிஎச்’. இப்போ பெயரே மாறிடுச்சு. எப்பவோ ஹோம் அடைவில் .அசவுண்ட்ஆர்சி, இல்லைன்னா /ஈடிசி/அசவுண்ட்.கான்ஃப்னு ஒரு கோப்பு எழுதி, அதில் ‘டிஃபால்ட் கார்டு பிசிஎச்’னு கொடுத்திருப்பீங்க. புள்ளியில் தொடங்கும் கோப்பு, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது, ‘எல்எஸ் -ஏ’ போடுங்க. திருத்த வேண்டாம், பெயரை மாற்றி ஒதுக்கி வைங்க. பைப்வயர் இருக்கும்போது இந்தக் கோப்புக்கு வேலையே இல்லை. ‘பைப்வயர்-அல்சா’ பொதி இருந்தால் ‘ஏபிளே’ மாதிரி நிரல்களையும் அதுவே பைப்வயர் வழியாகத் திருப்பிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் ஏன் பிழைச்சுதுன்னா, அது பல்ஸ் வழியாகப் பேசுது, இந்தக் கோப்பைப் படிக்கிறதே இல்லை.

எச்டிஎம்ஐ டிஃபால்ட் ஆனதுக்கும் அதே வேர். வயர்பிளம்பர் எந்த வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தீங்கன்னு பெயரை வைத்துத்தான் ஞாபகம் வைக்கும். பழைய பெயர் ‘அனலாக்-ஸ்டீரியோ’ன்னு முடிஞ்சிருக்கும், இப்போ ‘ஹைஃபை’ன்னு உள்ளே வரும் நீளமான வேற பெயர். அந்தப் பெயரை எழுதி வைத்த ஸ்கிரிப்டோ, ஈசி எஃபெக்ட்ஸ் அமைப்போ இருந்தால் அதையும் மாற்றணும். ஒருமுறை செட்டிங்ஸில் மாற்றியாச்சுன்னா அது புதுப் பெயரை ஞாபகம் வச்சுக்கும்.

மைக் அமைதி: இதுக்கு இரண்டு இடம் பார்க்கணும். ‘டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்’ கொடுத்தால் ‘சோர்சஸ்’ பகுதியில் இரண்டு மைக் தெரியும். ‘டிஜிட்டல் மைக்ரோஃபோன்’ உள்ளே இருப்பது, ‘ஹெட்போன்ஸ் ஸ்டீரியோ மைக்ரோஃபோன்’ ஜாக்கில் செருகும் ஹெட்செட்டோடது. ஜாக்கில் ஒன்றுமே இல்லாதபோதும் நட்சத்திரக் குறி இரண்டாவதன்மேல் நிற்கலாம், அப்போ காற்றைத்தான் பதிவு பண்றீங்க. டிஜிட்டல் மைக் முன்னால் இருக்கும் எண்ணைப் பார்த்து ‘டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட் 52’ மாதிரி கொடுங்க. 52 என்பது உதாரணம், உங்க எண் வேற, அடுத்த பூட்டில் அதுவும் மாறும். சேமிப்பது பெயரைத்தான், அதனால் கவலை இல்லை.

அதுக்கப்புறமும் அமைதின்னா ‘அல்சாமிக்சர்’. எஃப்6 அழுத்தி ‘எஸ்ஓஎஃப்-எச்டிஏ-டிஎஸ்பி’யைத் தேர்ந்தெடுங்க. இதைச் செய்யாமல் விட்டால் திரையில் ஒரே ஒரு நெடும்பட்டை தெரியும், அது பைப்வயரின் மாஸ்டர், உண்மையான கார்டு இல்லை. நிறைய பேர் இங்கேதான் ஏமாறுவாங்க. எஃப்4 அழுத்தினால் உள்ளீடுகள். ‘டிமிக்0’ பட்டைக்குக் கீழே ‘கேப்சர்’னு சிவப்பா தெரியணும், இல்லைன்னா ஸ்பேஸ் தட்டுங்க. எஃப்3க்குத் திரும்பினால் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் பட்டைகள். அடியில் ‘எம்எம்’ இருந்தால் ஊமை, எம் தட்டினால் ‘ஓஓ’ ஆகும். முடிச்சதும் ‘சூடோ அல்சாசிடிஎல் ஸ்டோர்’. /வார்/லிப்/அல்சா அடைவில் இருக்கும் நிலைக் கோப்பு கார்டு பெயர்வாரியா எழுதப்படுது. பழைய பிசிஎச்சின் அளவுகள் புதுக் கார்டுக்கு வராது, அதனால்தான் இப்படி எல்லாமே முதலிலிருந்து.

சர்வரையே சுற்றிப்போய்ச் சோதிக்கணும்னா:

ஏரெக்கார்ட் -டி எச்டபிள்யூ:0,6 -எஃப் எஸ்32_எல்ஈ -ஆர் 48000 -சி 2 -டி 5 சோதனை.வேவ்

முதல் டி பெரிய எழுத்து, எந்தக் கருவின்னு சொல்வது. கடைசி டி சின்ன எழுத்து, 5 விநாடி. இதில் உங்க குரல் பதிவாச்சுன்னா ஹார்டுவேர் முதல் அல்சா வரை சுத்தம், மீதிப் பிழை மேலே. ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ன்னு வந்தால் ஏதோ ஒரு டேப் மைக்கைப் பிடிச்சிருக்கு, மூடிட்டுப் பாருங்க.

‘டிங்’ விஷயத்தைக் கர்னல்காரன் சொல்லட்டும், அவருக்குப் பிடிச்ச தலைப்பு.

---

பல்ஸ்_பக்தன்

அரை விநாடி தொல்லைக்கு எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் பவர்_சேவ்=0 போட்டால் போதுமே? எல்லா இடத்திலும் அதைத்தான் சொல்றாங்க.

---

கர்னல்காரன்

பழைய டிரைவரில் ஓடும் மெஷினுக்கு அது சரியான வைத்தியம். இவருடைய கார்டு இப்போது எஸ்ஓஎஃப் கையில் இருக்கிறது. அந்த அளவுரு எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் மாட்யூலுக்கு உரியது. அதை 0 ஆக்கினால் யாரும் பிடித்திராத கயிற்றை இழுப்பதுபோல்தான். பிழை வராது, பலனும் வராது.

இங்கே பிடிக்க வேண்டியது வயர்பிளம்பரை. 5 விநாடி ஒலி எதுவும் ஓடாவிட்டால் அது கார்டை மூடிவிடும், பின்னாலேயே கோடெக்கும் தூங்கப் போகும். அடுத்த ‘டிங்’ வரும்போது கோடெக் எழுந்து ஆம்ப்ளிஃபயர் நிமிர்வதற்குள் தொடக்கம் போய்விடுகிறது. கார்டை மூடாமல் வைத்திருந்தால் தூக்கமே இல்லை.

டெபியன் 12இல் இருப்பது வயர்பிளம்பர் 0.4 வரிசை, அமைப்புகள் லுவா மொழியில். இணையத்தில் இப்போது கிடைக்கும் குறிப்புகளில் பல 0.5க்கு எழுதியவை. அவை சொல்லும் .கான்ஃப் கோப்பை இங்கே வைத்தால் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். எனவே:

/யூஎஸ்ஆர்/ஷேர்/வயர்பிளம்பர்/மெயின்.லுவா.டி அடைவில் 50-அல்சா-கான்ஃபிக்.லுவா என்று ஒரு கோப்பு இருக்கும். ஹோம் அடைவில் .கான்ஃபிக்/வயர்பிளம்பர்/மெயின்.லுவா.டி என்று அடைவு உண்டாக்கி, அதே பெயரில் அங்கே நகலெடுங்கள். பெயர் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. ஒரே பெயர் இருந்தால்தான் உங்கள் நகல் மூலத்தை மறைக்கும். அதன் கடைசிப் பகுதியில் ‘செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ்’ என்று ஒரு வரி, மதிப்பு 5. முன்னால் இரண்டு ஹைபன் இருக்கும், லுவாவில் அது குறிப்புரை. இரண்டையும் எடுத்துவிட்டு 5ஐ 0 ஆக்குங்கள். வரி இறுதியில் உள்ள காற்புள்ளியைத் தொட வேண்டாம்.

சேமித்துவிட்டு:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்பிளம்பர்

இதற்கு சூடோ கூடாது. இந்தச் சேவை உங்கள் பயனருக்குள் ஓடுவது.

---

மைக்_எங்கே

மூன்றும் சரியாகிவிட்டது. .அசவுண்ட்ஆர்சி இருந்தது, 4 வரி, நான் எழுதியதுதான். மைக்கில் நட்சத்திரம் ஹெட்செட் மேல்தான் நின்றது. ‘டிங்’ முழுசாகக் கேட்குது.

ஒன்றே ஒன்று. கார்டு தூங்காமல் இருந்தால் பேட்டரி குறையாதா?

---

கர்னல்காரன்

குறையும். கோடெக், டிஎஸ்பி இரண்டும் விழித்தே இருக்கும், சும்மா இருக்கும் நேரத்தில் சில்லு ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவும் அது தடையாகலாம். பெரும்பாலும் சார்ஜரில் இருக்கும் லேப்டாப் என்றால் அப்படியே விடுங்கள். வெளியே எடுத்துப்போவது அதிகம் என்றால் 0க்குப் பதில் 60 போட்டுப் பாருங்கள். பேச்சுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தூங்காது, சும்மா கிடக்கும்போது ஒரு நிமிடத்தில் தூங்கிவிடும். தூங்கி எழும் ஒவ்வொரு முறையும் முதல் ‘டிங்’ மட்டும் ‘ங்’ ஆகத்தான் வரும்.

---

டெபியன்_தோசை

அந்த லுவா நகல் ஹோமில் இருக்குன்னு எங்கேயாவது எழுதி வைங்க. டெபியன் 13க்குப் போகும்போது வயர்பிளம்பர் 0.5 வரும், லுவா அமைப்பு அங்கே செல்லாது. அப்போ மறுபடி ‘டிங்’ போச்சுன்னு தேடும்போது முதல்ல இந்தக் கோப்பைத்தான் பார்க்கணும்.